மானிப்பாய் மருத்துவர்

கொமரலிங்கத்து வயலுக்கு நள்ளிரவிலே நீர் பாய்ச்சப் போகிறான் உழவன். அமராவதித் தண்ணீர் மடையிலே சலசலக்கிறது. வரப்பிலே கிடந்த பாம்பு காலைத் தீண்டிவிடுகிறது. கூக்குரல் கேட்டு நாலு பேர் ஓடி வருகிறார்கள். இறுக்கிக் கட்டக் கயிறு தேடுகிறார் ஒருவர். கீறி இரத்தம் வெளியேற்றக் கத்தி தேடுகிறார் மற்றொருவர். இரண்டும் கேடு! காலை அசையவிடாமல் சட்டம் வைத்து, இறுக்காமல் துணி சுற்றி, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்பது அந்த நாலு பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும், குடும்பத்தின் விளக்கு அணையாது. 2008 முதல் நமக்கு 108 வண்டி இருக்கிறது, உண்மை. ஆனால் வண்டி வந்து சேரும்வரை கழியும் நிமிடங்கள் இருக்கின்றனவே, அந்த நிமிடங்களில் கைகொடுப்பது தன் மொழியிலே மனத்தில் பதிந்த அறிவுதான்.

மேனாட்டு மருத்துவ அறிவைத் தமிழிலே தந்தாக வேண்டும் என்று 150 ஆண்டுகளுக்கு முன்பே பாடுபட்ட ஒருவர் உண்டு. அவர் தமிழர் அல்லர். அமெரிக்க நாட்டவர், பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

1822-இல் மாசாசூசெட்ஸ் மாநிலத்திலே பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிரீன், பிற்காலத்தில் நியூயார்க் பெருநகரத்தை உருவாக்கியவர் எனப் புகழ்பெற்றவர். தம்பியும் அங்கேயே தங்கியிருந்தால் மாளிகையும் பணமும் சேர்ந்திருக்கும். அவரோ கப்பலேறி 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மதம் பரப்ப அனுப்பப்பட்ட மிஷன் மருத்துவர் அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த வேலையைவிட அவர் செய்த வேலை பெரியது என்பது நம் கணிப்பு.

1848-இல் மானிப்பாயில் மருந்தகம் திறந்தார்; அதே இடத்தில் மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இலங்கையில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த முதற் பள்ளி அது. யாழ்ப்பாணமோ பனை நாடு. பனையேறி விழுந்தால் எலும்பு முறியும். பிரசவம் தடைப்பட்டால் தாயும் சேயும் சேர்ந்து போவர். வாந்திபேதி வந்தால் காலையில் பேசிக்கொண்டிருந்தவன் மாலையில் பிணம். எத்தனை ஊருக்குத்தான் ஒரு கிரீன் ஓட முடியும்? ஆகவே ஊருக்கு ஒரு மருத்துவரை உண்டாக்க முனைந்தார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். நடந்தது என்ன? ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் கொழுத்த சம்பளத்தையும் தேடிப் போனார்கள். கிராமம் இருந்த இடத்திலேயே இருந்தது! தாயகம் சென்று 1862-இல் திரும்பிவந்த கிரீன், சில ஆண்டுகளில் பயிற்று மொழியையே தமிழாக மாற்றினார். தமிழில் படித்தவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் கணக்கு.

பாடம் தமிழென்றால் நூல் வேண்டுமே! பிரசவ வைத்தியம் 1857-லேயே வெளிவந்திருந்தது. காயத்துக்கும் முறிவுக்கும் உரிய இரண வைத்தியம் 1867-இல் வந்தது. ஆங்கில உலகம் இன்றும் போற்றும் கிரேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872-இல் தமிழில் வந்தது. மூல நூல் வெளிவந்து பதினான்கே ஆண்டுகள்! அதே ஆண்டு வைத்தியாகரம், 1875-இல் கெமிஸ்தம். மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல். மொழிபெயர்ப்பில் அவருடன் உழைத்தவர்கள் அவருடைய மாணவர்கள்: சப்மன், டான்போர்த் முதலானோர். பெயரைப் பார்த்து வெள்ளையர் என்று மயங்க வேண்டாம்; அத்தனை பேரும் தமிழர்கள்.

நடை வடசொல் மண்டிய நடைதான். அங்காதிபாதம் என்பதை இன்று நாம் உடற்கூறு என்போம். குறை சொல்லலாம், ஆனால் அந்தக் குறையைச் செய்யக்கூட அன்று வேறு யார் முன்வந்தார்?

இந்த நூல்களின் அருமை பள்ளி அறையைவிட வெளியிலேதான் மிகுதி. பயிற்சி முடிந்து தொலைதூர ஊரிலே தனித்திருக்கும் வைத்தியன் வீட்டு வாசலில், இரத்தம் கொட்டும் காலோடு ஒருவனைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசான் பக்கத்தில் இல்லை. அலமாரியில் நூல் இருக்கிறது. எந்த நாடியை அழுத்த வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்பதைத் தன் மொழியிலே புரட்டிப் பார்க்கிறான். பட்டம் வாங்கிய அன்றே புத்தகத்தை மூடிவிட்ட மருத்துவனிடம் இந்த நோயாளி அகப்பட்டிருந்தால்?

மருத்துவமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண வைத்தியம் வந்த அதே 1867-இல்தான், கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கலாம் என்று லிஸ்டர் அறிவித்தார். அச்சின் மை உலருமுன் அடுத்த பாடம் வந்துவிட்டது! வாந்திபேதியைப் பாருங்கள். கிரீன் படித்த காலத்து மருத்துவம் அதற்குப் பாதரச மருந்தும் அபினும் கொடுத்தது. குடிநீரே நோயைச் சுமக்கிறது என்று லண்டனில் ஸ்னோ 1854-இல் எடுத்துக்காட்டினார். 1884-இல் கல்கத்தாவில் காக் நோய்க்கிருமியைப் பிரித்தறிந்தார். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமிலே டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெற்றோர், உறவினர் கையாலேயே புகட்டச் செய்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். 1845-இல் கற்றதோடு நின்றவன், நல்லெண்ணத்தோடேயே நோயாளியைக் கொன்றிருப்பான்.

கிரீன் நிற்கவில்லை. உடல்நலம் குன்றி 1873-இல் அமெரிக்கா திரும்பினார். ஓய்வெடுத்திருக்கலாம், எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ கடலுக்கு அப்பாலிருந்தே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். உடலியல் நூலான மனுஷ சுகரணம் 1883-இல் வந்தது. மறு ஆண்டு, காக் கல்கத்தாவில் வெற்றி கண்ட அதே 1884-இல், மே மாதம் கிரீன் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவப் பணி செய்தவர் என்பது தம் கல்லறையில் இடம்பெற வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் 60 பேருக்கு மேல். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் இருக்கிறது. நம் திருப்பூரிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே கற்பவர்கள் கிரேயின் உடற்கூற்றை ஆங்கிலத்தில்தான் புரட்டுகிறார்கள்.