ஆபரேஷனுக்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி ஏன்? கிருமியை முந்திக்கொண்ட டாக்டர் ஜோசப் லிஸ்டரின் கதை!

ஆபரேஷன் தொடங்கும் முன்பே பல நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுவாங்க. இன்னும் கத்தியே வைக்கல, அதுக்குள்ள எதுக்கு மருந்துன்னு தோணும். கிருமி வந்த பிறகு விரட்டுவதைவிட வரும் முன் தடுப்பதே மேல் என்று அறுவை சிகிச்சையில் நிரூபித்துக் காட்டியவர் ஜோசப் லிஸ்டர்.

யார் இவர்?

1827 ஏப்ரல் 5ஆம் தேதி இங்கிலாந்தின் அப்டனில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. ஆனா, மைக்ரோஸ்கோப் லென்ஸை மேம்படுத்தியவரும் அவர்தான். லண்டனில் டாக்டருக்குப் படித்த லிஸ்டர், 1860ல் கிளாஸ்கோவில் அறுவை சிகிச்சைப் பேராசிரியரானார்.

ஆபரேஷன் சக்சஸ்... ஆனா?

அப்போது மயக்க மருந்து வந்துவிட்டது. ஆனாலும் ஆபரேஷன் முடிந்த சில நாளில் புண் சீழ்பிடித்துப் பலர் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம்னு நம்பினாங்க. பொருட்கள் அழுகுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற லூயி பாஸ்டரின் ஆய்வைப் படித்த லிஸ்டருக்குப் பொறி தட்டியது. புண்ணும் அப்படித்தானே அழுகுது?

சிறுவனின் கால் தப்பியது எப்படி?

கார்லைல் நகரில் கழிவுநீர் நாற்றத்தைப் போக்க கார்பாலிக் அமிலம் பயன்பட்டது. அதையே லிஸ்டர் கையில் எடுத்தார். 1865 ஆகஸ்ட் 12. வண்டிச் சக்கரம் ஏறி, கால் எலும்பு முறிந்து, சதையும் கிழிந்த 11 வயது சிறுவன் வந்தான். இப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் அன்றைய வழக்கம். லிஸ்டர் அந்த அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். புண் சீழ்பிடிக்கல. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. கால் தப்பியது.

1867ல் இந்த முறையை வெளியிட்டார். பலர் ஏற்கல. ஆனா கணக்கு பேசியது. முன்பு, கை கால் அகற்றப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதிய முறையில், 40 பேரில் 6 பேர்தான்.

இன்று என்ன விதி?

1912 பிப்ரவரி 10ஆம் தேதி லிஸ்டர் மறைந்தார். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928ல்தான். ஆனா இன்றைய ஊசிக்குப் பின்னாலும் இருப்பது அதே யோசனைதான். கத்தி வைக்கும்போதே ரத்தத்திலும் சதையிலும் மருந்து தயாரா இருக்கணும். அதனால், தேவைப்படும் ஆபரேஷன்களில் கீறலுக்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் ஊசி போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆபரேஷன் முடிந்த பிறகும், தடுப்புக்காக மட்டும் அதைத் தொடர வேண்டாம் என்கிறது அதே நிறுவனம். தேவையில்லாமல் தொடர்ந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். அதனால் டாக்டர் எழுதித் தராத ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களே கடையில் வாங்கிப் போடாதீங்க. காய்ச்சல், சீழ், புண்ணைச் சுற்றிச் சிவப்பு தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்க.