அக்காவின் வளையல்

திருவெறும்பூரிலிருந்து ராமேஸ்வரம் டூர் போறவங்க, கோயிலோடு திரும்பிடாதீங்க. பத்து நிமிஷம் நடந்தா மசூதித் தெரு. அங்கே சுண்ணாம்புக்கல்லும் செங்கல்லும் வெச்சுக் கட்டின பழைய வீடு ஒண்ணு, இன்று நினைவு இல்லம். 1931 அக்டோபர் 15-ல் பிறந்த அப்துல் கலாம் வளர்ந்தது அங்கேதான்.

அப்பா ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர். கோயில் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய நண்பர். யுத்த காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பிடித்துக் கூலி வாங்கினான் சிறுவன் கலாம்.

நம்ம திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் பி.எஸ்சி. முடித்தார். அப்புறம்தான் இன்ஜினியரிங் ஆசை. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைச்சது. கட்ட ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா ஜோஹரா தங்க வளையலையும் செயினையும் அடகு வெச்சார். சம்பாதித்து மீட்பேன் என்று உறுதியெடுத்துப் படித்தார் தம்பி.

1979-ல் அவர் தலைமையில் ஏவிய எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-ல் அதே ரக ராக்கெட் ரோகிணியை விண்ணில் சேர்த்தது. 2002-ல் குடியரசுத் தலைவரானார், 2015-ல் மறைந்தார்.

நம்ம பீஸிலும் யாரோ ஒருத்தர் வளையல் இருக்கு. அரியர் விழுந்தா உடைஞ்சு போயிடாதீங்க, எழுதி மீட்டுடுங்க!