முதல் ஊசி தன் உடம்பில்

இன்னும் கொஞ்ச நாள்ல உங்களுக்கு பிளேஸ்மென்ட் கிடைச்சிடும். வேலையில சேர்ந்த முதல் வருஷமே ஹெச்.ஆர். கிட்ட இருந்து ஒரு மெயில் வரலாம்: ஆபீஸ்லயே ஃப்ளூ தடுப்பூசி முகாம், விருப்பம் இருக்கிறவங்க பேர் கொடுங்கன்னு. நம்ம ஆளுங்க பாதிப் பேர் படிக்காமலே மூடிடுவாங்க. படிச்ச சிலருக்கு ரெண்டு கேள்வி வரும். இதைப் போட்டா நமக்கே காய்ச்சல் வந்துடாதா? நம்ம உடம்பைப் பத்தி கம்பெனிக்கு என்ன திடீர் அக்கறை?

இந்த ரெண்டு கேள்வியையும் 130 வருஷத்துக்கு முன்னாடியே நேருக்கு நேர் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் வால்டெமர் ஹாஃப்கின். மும்பை பரேலில் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்டை எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்.

1860-இல் ஒடெஸாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரம். படித்தது விலங்கியல், ஆசிரியர் இலியா மெச்னிகோவ். இதைக் கவனிச்சு வைங்க: ஹாஃப்கின் டாக்டர் இல்லை. மருத்துவப் பட்டம் இல்லாத ஆள் மருந்து கண்டுபிடிக்கிறார் என்ற முணுமுணுப்பு கடைசி வரைக்கும் அவரைத் துரத்தியது.

மதம் மாறியிருந்தால் பல்கலைக்கழகத்தில் நல்ல பதவி கிடைத்திருக்கும். மாறவில்லை. அதனால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஜெனீவா வழியாக பாரிஸ் போய், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் கிடைத்த வேலையில் சேர்ந்தார். அது நூலகத்தில் உதவியாளர் வேலை. மிச்ச நேரத்தில் காலரா கிருமியோடு மல்லுக்கட்டினார். 1892 ஜூலை 18-ஆம் தேதி, தான் தயாரித்த காலரா தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. ஆள் நன்றாக இருந்தார்.

ஆனால், ஒரு ஆள் பிழைத்தது நிரூபணம் ஆகாது இல்லையா? ஒரே ஒரு ரீடிங் எடுத்துட்டு கிராஃப் போட்டா லேப்ல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். காலரா நிஜமாகவே பரவும் இடத்தில் சோதிக்க வேண்டும். 1893-இல் கல்கத்தா வந்து இறங்கினார்.

இங்கேதான் முதல் கேள்வி எழுந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர், கையில் ஊசி, உள்ளே நோய்க் கிருமி. யார் போட்டுக்கொள்வார்கள்? சேரிகளில் சந்தேகமும் எதிர்ப்பும் இருந்தன. ஹாஃப்கினும் அவரோடு வேலை செய்த இந்திய மருத்துவர்களும் மக்கள் கண்முன்னால் தங்களுக்கே ஊசி போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் முன்வந்தார்கள். இரண்டு ஆண்டு சுற்றுப்பயணத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஊசி போட்டார். நடுவில் மலேரியா அவரையே படுக்கவைத்தது. ஐரோப்பா போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு 1896-இல் திரும்பி வந்தார்.

இரண்டாவது கேள்வி அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் வந்தது. தூரத்து மாவட்டங்களிலிருந்து ஒப்பந்தத்தில் கூட்டி வரப்பட்ட தொழிலாளர்கள் குடியிருப்பு வரிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காலரா வந்தால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்ட முதலாளிகள் ஹாஃப்கினைக் கூப்பிட்டது கருணையால் மட்டும் இல்லை. ஆள் செத்தால் வேலை நிற்கும், காசு போகும். உங்க ஹெச்.ஆர். மெயிலுக்குப் பின்னாலும் லீவு கணக்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், மறைக்க வேண்டாம். ஆனால், முதலாளிக்கு லாபம் என்பதால் தொழிலாளியின் உயிருக்குப் பயன் இல்லை என்று ஆகிவிடாது.

ஹாஃப்கின் அந்த இடத்தை வேறு கண்ணால் பார்த்தார். ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு, ஒரே குடியிருப்பு. அதில் சிலர் போட்டுக்கொண்டவர்கள், சிலர் போடாதவர்கள். இரண்டு பக்கமும் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணினால் ஊசி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். நாம இன்னைக்கு கன்ட்ரோல் குரூப்னு சொல்றோமே, அதேதான்.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. அரசு அவரை அங்கே அனுப்பியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சின்ன அறை, ஒரு தாழ்வாரம், விரல்விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்கள். மூன்றே மாதத்தில் பிளேக் தடுப்பூசி தயார். கிருமியை வளர்த்து, சூடாக்கிக் கொன்று, செத்த கிருமியை ஊசியில் ஏற்றினார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி முதல் ஊசி வழக்கம்போல தனக்கே. அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் நுழைந்தபோது, விருப்பப்பட்ட கைதிகளுக்குப் போட்டார். போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணினார். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு இலட்சக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். 107 பேருக்கு பிளேக் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் அவர்களில் 19 பேர் டெட்டனஸ் வந்து செத்தார்கள். நம்பி முன்வந்த 19 உயிர்கள். 19 பேரும் ஒரே பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்டவர்கள். மற்ற பாட்டில்களில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக் குழு பழியை பம்பாய் ஆய்வகத்தின் மேல் போட்டது. கிருமி நீக்க வழக்கமாகச் சேர்த்த கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு ஹாஃப்கின் வெப்பத்தை மட்டும் நம்பியதுதான் காரணம் என்றது. அவர் பதவியை இழந்து லண்டன் போனார். ஆனால், அந்த பாட்டிலைத் திறந்த இடுக்கி, திறக்கும் முன்னால் கிராமத்து மண்ணில் விழுந்திருந்தது என்பது அதே விசாரணையில் வெளிவந்த விஷயம். டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது. நீங்களே யோசிச்சுப் பாருங்க.

மலேரியாவுக்காக நோபல் வாங்கிய ரொனால்ட் ராஸ் அவருக்காக எழுதினார். 1907-இல் பத்து விஞ்ஞானிகள் சேர்ந்து டைம்ஸ் பத்திரிகையில் அவர் பக்கம் நின்றார்கள். ஐந்து வருஷம் கழித்துத்தான் பழி நீங்கியது. இந்தியாவுக்குத் திரும்பினார். ஆனால் பம்பாயில் அவருடைய பழைய நாற்காலி கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஓர் ஆய்வகம் கொடுத்தார்கள். மனிதர்களிடம் புதிய தடுப்பூசியைச் சோதிக்கும் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஓய்வு பெற்று ஐரோப்பா போனார். 1925-இல் பம்பாய் ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் காலமானார்.

சரி, இப்போ அந்த மெயிலுக்கு வருவோம். ஆபீஸ் முகாம்களில் போடும் ஃப்ளூ ஊசியில் பெரும்பாலும் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், அல்லது அதன் சில பகுதிகள். ஹாஃப்கினின் பிளேக் ஊசி மாதிரிதான், அது நோயைத் தராது. கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை எந்த வகைகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. அதனால்தான் வருஷா வருஷம் போட வேண்டியிருக்கு. சில வருஷம் நல்லாப் பொருந்தும், சில வருஷம் கொஞ்சம் குறையும். ஃப்ளூ வராமலே போகும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் வந்தால் ஆஸ்பத்திரி வரை இழுத்துப் போகும் வாய்ப்பு குறையும். வீட்டில் வயசான தாத்தா பாட்டி இருந்தால் அவங்களுக்கும் அது நல்லது.

கேள்வி கேட்கிறதுல தப்பே இல்லை. மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்காங்களா, ஒவ்வொருத்தருக்கும் புது ஊசி எடுக்கிறாங்களா, தாராளமா பாருங்க. முன்னாடி எந்த மருந்துக்காவது கடுமையான அலர்ஜி வந்திருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. முல்கோவாலில் செத்த 19 பேர் நமக்கு விட்டுப்போன பாடம் அது: எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் கடைசி இடுக்கி வரைக்கும் சுத்தமா இருக்கணும்.

கேட்டு, பார்த்து, திருப்தியா இருந்தா சட்டைக் கையை மடிச்சு விடுங்க. முதல் ஆளாகவே போய் நில்லுங்க. உங்களைப் பார்த்து பின்னாடி நாலு பேர் வருவாங்க. கல்கத்தா சேரியிலும் அப்படித்தான் வந்தாங்க.