சார்ள்ஸ் மேர்ஸ்: மின்கம்பிகளுக்குக் காவல் அமைத்தவர்

கிளிநொச்சியில் இருந்து சுன்னாகம் வரும் உயரழுத்த மின்கம்பியில் இடி விழுகிறது அல்லது ஒரு பீங்கான் காவலி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதான அந்தத் துண்டு மட்டும் ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள் வலையமைப்பில் இருந்து பிரிய வேண்டும். பிந்தினால் கம்பி உருகும், மின்மாற்றி எரியும். பிழையான இடத்தில் துண்டித்தால் பழுதில்லாத ஊர்களும் இருளில் மூழ்கும். எதைத் துண்டிப்பது, எதை விட்டுவைப்பது என்று தீர்மானிக்கும் கருவியின் பெயர் ரிலே. அதன் மிக நுட்பமான வகைகளில் ஒன்றுக்கு அடித்தளம் போட்டவர் சார்ள்ஸ் மேர்ஸ் என்ற ஆங்கிலேயர். அவரது முடிவு எங்களுக்குப் புதிய கதையல்ல என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

1874 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் உள்ள கேட்ஸ்ஹெட்டில் பிறந்தார். தந்தை ஜோன் தியடோர் மேர்ஸ் ஜேர்மன் வேர்களைக் கொண்டவர். ஐரோப்பியச் சிந்தனையின் வரலாற்றை எழுதிய அறிஞர். நியூகாசில் நகரின் மின்விநியோகக் கம்பனியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தாய்வழி உறவினர் கப்பல் கட்டுபவர்கள். குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. போரை மறுக்கும் பிரிவு அது.

அக்காலத்தில் ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு சிறு மின்நிலையம் வைத்திருந்தது. ஒன்று நின்றால் அந்த ஊரே இருட்டு. பெரிய நிலையங்களில் மலிவாக உற்பத்தி செய்து, அவற்றைக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் என்று மேர்ஸ் வாதாடினார். 1901இல் அவர் வடிவமைத்த நெப்டியூன் பாங்க் மின்நிலையத்தை கெல்வின் பிரபு திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு வில்லியம் மக்லெலனுடன் சேர்ந்து நடத்தத் தொடங்கிய ஆலோசனை நிறுவனம் பிற்காலத்தில் உலகெங்கும் வேலை செய்தது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் புறநகர் ரயில்களை மின்மயமாக்கும் திட்டத்தை வகுத்தவரும் மேர்ஸ்தான்.

இணைப்பதில் ஓர் ஆபத்து இருந்தது. எல்லாம் ஒன்றாகிவிட்டால் ஓரிடத்துப் பழுது எல்லோரையும் இழுத்து விழுத்தும். அன்றிருந்த காப்பு முறை, மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் சற்றுக் காத்திருந்து துண்டிப்பது. மின்நிலையத்துக்குக் கிட்ட உள்ள கருவி கூடுதலாகக் காத்திருக்கும். அதனால் மிகக் கடுமையான பழுதுகளே மிக நீண்ட நேரம் நீடித்தன. இரு பக்கத்தில் இருந்தும் மின்சாரம் வரும் வலையமைப்பில் எந்தப் பக்கம் பழுது என்பதையும் அது சரியாகப் பிரித்தறியாது.

1904 அளவில் மேர்ஸும் அவருடன் வேலை செய்த பேர்னாட் பிரைஸும் கண்ட விடை எளிமையானது. ஒரு கம்பியின் ஒரு முனையில் நுழையும் மின்னோட்டம் மறுமுனையால் வெளியேற வேண்டும். இரண்டையும் அளந்து ஒப்பிட்டால் போதும். சமமென்றால், ஓட்டம் எவ்வளவு கூடினாலும் பழுது வேறெங்கோ இருக்கிறது, அசையத் தேவையில்லை. வித்தியாசம் வந்தால் இந்த இரு முனைகளுக்கு இடையில்தான் மின்சாரம் கசிகிறது. காத்திருக்காமல் இரு முனைகளையும் துண்டிக்கலாம். ஒப்பிடுவதற்கென மின்கம்பியோடு கூடவே மெல்லிய தனிக்கம்பி ஒன்றையும் ஓடவிட்டார்கள். எங்கள் வீடுகளில் இருக்கும் ட்ரிப் சுவிச்சும் போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் இப்படித்தான் ஒப்பிடுகிறது.

இன்று அந்தத் தனிக்கம்பியின் இடத்தில் பெரும்பாலும் ஒளியிழை இருக்கிறது, ரிலே ஒரு சிறு கணினியாகிவிட்டது. ஆனாலும் அதைச் சரிசெய்து வைப்பது மனித வேலை. அளவிடும் கருவிகள் இரு முனையிலும் துளியும் பிசகாமல் ஒத்திருப்பதில்லை. நீண்ட கம்பி தானே சிறிதளவு மின்னோட்டத்தை உறிஞ்சும். செய்தி மறுமுனைக்குப் போய்ச்சேர நேரமெடுக்கும். இவற்றைக் கணித்து, எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுப்பது, எதற்குமேல் துண்டிப்பது என்று பொறியியலாளர் எல்லை வகுக்க வேண்டும். ஓட்டம் கூடக்கூட அந்த எல்லையும் உயரும்படி அமைப்பார்கள். இறுக்கிவைத்தால் வீணாகத் துண்டிக்கும், தளர்த்திவைத்தால் பழுதை விட்டுவிடும்.

மேர்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்திய வலையமைப்புக்கு 1926இன் சட்டம் வழி திறந்தது. பிரித்தானியா முழுவதும் 132,000 வோல்ற் கம்பிகள் நிமிர்ந்தன. இன்று சுன்னாகத்துக்கு வரும் கம்பியும் அதே அழுத்தம்தான்.

இணைப்பு என்றால் என்ன என்பதை எங்கள் தலைமுறை அது இல்லாமற் போனபோது கற்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு தேசிய மின்வலையமைப்பில் இருந்து அறுந்தது. முப்பதுகளில் இருக்கும் என்னைப் போன்ற பலர் ஜாம் போத்தல் விளக்கடியில்தான் எழுத்துக் கூட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள் பெரியவர்கள். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே வன்னியூடாகக் கம்பி மீண்டும் வந்தது. இணைந்தபின் மற்றவர்களின் பழுதும் எங்களுடையதாகிறது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டபோது நாடு முழுவதும் இருண்டது.

1940இல் ஜேர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவிரவாகக் குண்டு வீசின. நிலையங்கள் தாக்கப்பட்டபோது, வேறு பகுதிகளில் இருந்து மின்சாரத்தைத் திருப்பிவிட மேர்ஸ் கனவு கண்ட அந்த வலையமைப்பு உதவியது. அந்த ஒக்ரோபர் நடுவில், ஓரிரவு, கென்சிங்டனில் இருந்த அவரது வீட்டின் மீது குண்டு விழுந்தது. அவரும் அவரது இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். மனைவி ஸ்டெல்லா உயிர்தப்பினார். மேர்ஸுக்கு 66 வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன.

பழுதை மட்டும் பிரித்தெடுத்து மற்ற அனைத்தையும் காப்பது எப்படி என்று யோசித்தவர் அவர். வானில் இருந்து விழும் குண்டு அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மின்பொறியியல் பாடநூல்களில் மேர்ஸ்–பிரைஸ் முறை என்று அவர் பெயர் இன்றும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின்பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கடக்கும்போது, அந்த வீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும்.