லிப்டு வேலை பார்த்த ஓட்ட வீரர்

ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1913-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். கறுப்பு இனத்தவர். குத்தகை விவசாயியின் மகன். வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. பிழைப்புத் தேடி, குடும்பம் கிளீவ்லாந்து நகரில் குடியேறியது.

பள்ளிக்கூடத்திலேயே ஓட்டத்தில் பெயர் எடுத்தார். 1933-ல் ஒஹையோ மாநில சர்வகலாசாலையில் சேர்ந்தார். ஆனால், உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை! சட்டசபைக் கட்டிடத்தில் லிப்டு இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். மாணவர் விடுதியிலும் இடம் இல்லை. கறுப்பர் என்பதால் வெளியேதான் தங்கினார். வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனால் வெள்ளையரின் ஓட்டலில் சாப்பிட முடியாது. ஓடுவது மட்டும் சர்வகலாசாலைக்காக!

1935 மே 25-ந்தேதி. ஆன் ஆர்பர் நகரில் கல்லூரிகளுக்கு இடையே பந்தயம். சில நாட்களுக்கு முன்புதான் ஓவன்ஸ் மாடிப்படியில் விழுந்திருந்தார். முதுகில் கடுமையான வலி. அப்படியும் களத்தில் இறங்கினார்.

முதலில் 100 கஜ ஓட்டம். அதில் உலக சாதனையைச் சமன் செய்தார். அடுத்து நீளத் தாண்டுதல். ஒரே தடவைதான் தாண்டினார். 26 அடி 8¼ அங்குலம்! அந்தச் சாதனை 25 ஆண்டுகள் நிலைத்தது. பிறகு 220 கஜ ஓட்டம், 220 கஜ தடை ஓட்டம். இரண்டிலும் புதிய உலக சாதனை. எல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள்!

மறு வருஷம் பெர்லின் ஒலிம்பிக். ஹிட்லரின் கண்ணெதிரே நான்கு தங்கப் பதக்கங்கள் வென்றார்.

பதக்கம் சோறு போடவில்லை. படிப்பும் பாதியில் நின்றது. குதிரைகளோடு பந்தயம் ஓடிக் காசு சம்பாதித்தார். 1972-ல் அதே சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1980-ல் காலமானார்.