சங்கிலி வாளும் அந்திரியாஸ் ஸ்டீலும்

மீளக்குடியேறிக் காணி துப்புரவாக்கியபோதுதான் சங்கிலி வாள் பிடிக்கப் பழகினேன். இயந்திரத்தை நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, பாரின் நுனியை உயர்த்திப் பிடித்தபடி சங்கிலியை இறுக்கவேண்டும். அடியில் தொய்யக்கூடாது, கையுறையோடு இழுத்தால் ஓடவும் வேண்டும்.

இந்த வாளைப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் அந்திரியாஸ் ஸ்டீல். 1896இல் சூரிச்சில் பிறந்தவர், 1926இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட்டில் தொழில் தொடங்கினார். முதலில் மின்சார வாள். 1929இல் வந்த பெற்றோல் வாள் 46 கிலோ, இருவர் பிடிக்கவேண்டும். தனியாள் தூக்கும் வாள் 1950இல்தான் வந்தது. இடையில் நாஜிக் கட்சியிலும் இருந்தார். போரில் நொந்த நாங்கள் அதை மறைத்து அவரைப் புகழமுடியாது. 1973இல் இறந்தார்.

எங்கள் வேம்புக்குள் செல் துண்டுகள் கிடந்தன. எவ்வளவு பதமாக இறுக்கியும், அன்று இரண்டு சங்கிலிகளின் பற்கள் போயின.