பாட்டை விற்றவர், பாட்டைக் கொடுத்தார்!

பழைய ராமநாதபுரம் மாவட்டம் மிகப் பெரியது. ராமேசுவரம் கடற்கரையில் தொடங்கி, செட்டிநாடு வரை அது பரந்து கிடந்தது. காரைக்குடியும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். 1985-ம் ஆண்டில்தான் அது சிவகங்கை மாவட்டத்துக்குப் போயிற்று.

அந்தக் காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் என்பவர் ஒரு கடை நடத்தி வந்தார். பல சாமான்களோடு கிராமபோன் இசைத்தட்டுகளும் அங்கே விற்பனை ஆயின. அவருடைய மகன் மெய்யப்பன். பிறந்தது 1907-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி. இளம் வயதிலேயே அவர் தந்தையின் கடையில் வேலை பார்க்கத் தொடங்கினார்.

எந்தத் தட்டு வேகமாக விற்கிறது? எது தூசி படிந்து கிடக்கிறது? எந்தக் குரலைக் கேட்டால் ஜனங்கள் நின்று கேட்கிறார்கள்? கடையில் உட்கார்ந்தபடியே மெய்யப்பன் இதை எல்லாம் கவனித்தார். அவருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

சென்னையில் இசைத்தட்டு

வெளியூரில் இருந்து வரும் தட்டுகளை வாங்கி விற்பதோடு நிற்க அவருக்கு மனம் இல்லை. நாமே பாடல்களைப் பதிவு செய்தால் என்ன என்று நினைத்தார். சென்னைக்குப் போனார். 1930-களின் தொடக்கத்தில், கே.பி.வரதாச்சாரி முதலிய நண்பர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ நிறுவனத்தை நடத்தினார். அவர்கள் விற்ற ‘ஓடியன்’ இசைத்தட்டுகள் தமிழ்நாடு எங்கும் பரவின.

அந்தக் காலத்து இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் 3 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாட முடியும். 3 மணி நேரம் கச்சேரி செய்யும் வித்துவானும் அதற்குள் பாட்டை முடித்துவிட வேண்டும்! கச்சேரிக்குப் போக வசதி இல்லாத ஏழைகளும், டீக்கடை வாசலில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

முகம் ஒன்று, குரல் ஒன்று

பிறகு மெய்யப்பன் சினிமாவில் இறங்கினார். முதல் இரண்டு படங்களான ‘அல்லி அர்ஜுனா’வும் ‘ரத்னாவளி’யும் தோல்வி அடைந்தன. பணம் போயிற்று. ஆனால் அவர் துணிவை இழக்கவில்லை.

1938-ல் ‘நந்தகுமார்’ படத்தை எடுத்தார். அதில் நடித்த ஒருவருக்காக வேறொரு பெண்மணி பாடினார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாடல் வந்தது அதுவே முதல் தடவை என்று கருதப்படுகிறது.

1945-ல் ‘ஸ்ரீவள்ளி’ வெளிவந்தது. வள்ளியாக நடித்த ருக்மிணியே பாடியும் இருந்தார். அந்தப் பாட்டு மெய்யப்பனுக்குத் திருப்தி அளிக்கவில்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, பழைய குரலுக்குப் பதிலாகப் புதிய குரலைச் சேர்த்தார். படம் பெரிய வெற்றி பெற்றது. இசைத்தட்டு விற்ற காது, அவரைக் கைவிடவில்லை!

சொந்த ஊரில் ஸ்டூடியோ

அது யுத்த காலத்தை ஒட்டிய சமயம். சென்னையில் ஸ்டூடியோ நடத்த மின்சாரம் கிடைக்கவில்லை. மெய்யப்பன் சொந்த ஊருக்கே திரும்பினார். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டு ஸ்டூடியோ அமைத்தார். அங்கே எடுத்த ‘நாம் இருவர்’ 1947-ம் ஆண்டு பொங்கலை ஒட்டி வெளிவந்தது.

நாடு இன்னும் சுதந்திரம் அடையவில்லை. அந்தப் படத்தில் பாரதியாரின் பாடல்கள் ஒலித்தன. டி.கே.பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள்.

யாருக்குச் சொந்தம்?

பாரதியார் 1921-ம் ஆண்டில் வறுமையிலே மறைந்தவர். அவருடைய பாடல்களைத் தட்டில் பதியும் உரிமையை ஒரு வியாபாரி வாங்கி வைத்திருந்தார். அவரிடம் இருந்து அதை மெய்யப்பன் விலை கொடுத்து வாங்கினார். ஆகவே அவருடைய அனுமதி இல்லாமல் வேறு யாரும் பாரதி பாட்டைத் தட்டிலோ படத்திலோ சேர்க்க முடியாது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். மெய்யப்பன் ஆட்சேபித்தார். விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று.

நாட்டுக்காகப் பாடிய கவியின் பாட்டு, ஒரு மனிதருக்கு மட்டும் சொந்தமாக இருக்கலாமா? இந்தக் கேள்வி ஊர் ஊராக எழுந்தது. பாரதியின் பாடல்களைப் பொதுச்சொத்து ஆக்க வேண்டும் என்று எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். சென்னை அரசாங்கமும் அதற்கு இசைந்தது.

சட்டம் மெய்யப்பன் பக்கம் இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய உரிமை அது. பாரதி பாட்டுக்கு அப்போது நல்ல கிராக்கி. பெரிய தொகை கேட்டிருந்தாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் காலணா கூடக் கேட்கவில்லை. 1949-ம் ஆண்டில் அந்த உரிமையை இலவசமாகவே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். 1950-களின் நடுவில் பாரதியின் பாடல்கள் எல்லாருக்கும் பொதுவாயின.

கடைசி வரை

1948-லேயே ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக் கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. 1952-ல் ‘பராசக்தி’ மூலம் சிவாஜி கணேசன் படவுலகுக்கு வந்தார். ராமநாதபுரம் மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்த சிறுவன் கமலஹாசன், 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் அறிமுகம் ஆனான். 1979-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி மெய்யப்ப செட்டியார் காலமானார்.

அவர் சேர்த்த செல்வம் பெரிது. எடுத்த படங்களும் பல. ஆனால் இன்று பள்ளிக்கூட விழாவில் ஒரு சின்னஞ்சிறு குழந்தை பாரதி பாட்டைப் பாடுகிறது. அதைத் தட்டில் பதிந்து உலகத்துக்கே கொடுக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியது இல்லை. அதற்குக் கிளர்ச்சி செய்தவர்கள் ஒரு காரணம். காரைக்குடிக் கடையில் இசைத்தட்டு விற்ற அந்த இளைஞரும் ஒரு காரணம்!